மூக்கனுக்கு வெள்ளை

மே 5, திங்கள்

கிறிஸ்மசுக்குத் துணி எடுத்தபோது நாகர்கோவில் ஜவுளிக்கடையில் கொடுத்த டயரி இது. இதுவரை அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லாவிட்டால் எழுதத்தான் வேண்டும். சுவரோடு பேசினால் பக்கத்து வீட்டு பெர்பெத்தம்மா அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.

எங்கள் வீட்டு ஆள் நேற்று மாலை மூக்கன் பாறைக்குக் குடிபோய்விட்டார்.

எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. மூக்கனில் யார் குடியிருப்பார்கள்? வெள்ளாந்துறைக் கடப்புறத்தில் நின்று பார்த்தால் கடலுக்குள் ஒரு கருப்புப் பன்றி படுத்துக் கிடப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான். கூப்பிட்டால் கேட்காது, கையை ஆட்டினால் தெரியும், அந்தத் தூரம். மரம் கிடையாது, மண் கிடையாது. மழைத் தண்ணீர் தேங்குகிற இரண்டு குழி, ஆலாப் பறவைகள், நண்டு, சுற்றிலும் பாறையோடு ஒட்டிய சிப்பி. கடலைப் பார்த்த பக்கத்தில் மூக்குப்போல ஒரு கல் நீட்டிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். சிப்பி எடுக்கப் போகிறவர்கள்கூட பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள்.

நேற்று பூசை முடிந்ததும் கோயில் பக்கத்துச் சின்னச் சிலுவை மாடமான குருசடி முன்னால் ஊர்க்கமிட்டி கூடி எப்ரேமை ஊர்விலக்கு செய்தது. எப்ரேம் என்பது அவர்தான். விலக்கை வாசித்தது கமிட்டித் தலைவர் மத்தியாஸ். மத்தியாஸ் என்பது என் கூடப்பிறந்த அண்ணன். இனிமேல் ஊரில் யாரும் எப்ரேமின் கையிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது, அவர் கையில் எதுவும் கொடுக்கக் கூடாது, அவர் நிற்கிற இடத்தில் நிற்கக் கூடாது. மீறினால் மீறினவருக்கும் அதே விலக்கு. தலைவரின் தங்கை என்பதால் எனக்கு மட்டும் இதெல்லாம் இல்லையாம். பெரிய சலுகை!

அவர் விலக்கைக் கேட்டுவிட்டு நேராக நடந்தார். வீட்டுக்கு வந்து பானை, கத்தி, பாய், தீப்பெட்டி எடுத்தார்.

"எங்க போறிய?" என்றேன்.

"ஊருக்கு வெளிய போகச் செல்லிட்டானுவ. ஊருக்கு வெளிய எனக்குத் தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான்."

கட்டுமரத்தைத் தனியாகவே தள்ளி இறக்கினார். கடப்புறத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அப்போதுதான் கழுத்து மறுபக்கம் திரும்பியது. சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை அந்த மனுசன். எனக்கென்ன, குளிரட்டும்.

மே 7, புதன்

பால்வாடியில் பிள்ளைகளை ஜன்னலிலிருந்து நகர்த்த முடியவில்லை. "டீச்சர், டீச்சர், எப்ரேம் மாமா பாறையில நின்னு மோளுதாரு!" என்று ஒரு குட்டி கத்தியது. மற்றதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொழுக்கட்டை கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணி ரோசிலி வந்தாள். கையில் என் பித்தளைத் தூக்குவாளி. "ஈஸ்டருக்கு அடுத்த நாளு பலகாரம் கொண்டாந்தப்போ எனக்க முற்றத்துல வச்சிட்டு ஓடிட்டியே, என்ன அவசரமோ," என்றாள்.

"கோழி அடைகாக்குது, அதான்," என்றேன்.

ஈஸ்டருக்குக் கோழி அடைகாத்தால் இந்நேரம் குஞ்சு முற்றமெல்லாம் ஓடியிருக்க வேண்டும். அண்ணி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

விசயம் இதுதான். ஈஸ்டர் கழிந்துவிட்டால் சிப்பி எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க்கட்டுப்பாடு. பாறையில் குஞ்சுகள் ஒட்டி வளரும் காலம். இந்த வருசம் வாத்துப் பண்ணைக்காரன் ஒருவன் குஞ்சுச் சிப்பிக்கு நல்ல விலை பேசியிருக்கிறான். அண்ணனுடைய ஆட்கள் மூக்கனின் வடக்குப் பக்கத்தையே சுரண்டி வந்து, சாக்குகளில் கட்டி, அண்ணன் வீட்டு மதிலுக்குள் பழைய வலையைப் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டை வாசிக்கிறவர் வீட்டிலேயே! இவர் போய் வலையை விலக்கி, சாக்குகளைத் தோளில் சுமந்து வந்து, ஊர் பார்க்கக் கடலில் கொட்டினார்.

கமிட்டிக்கு மானம் போய்விட்டது. ஆனால் அவர்கள் இவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மதிலுக்குள்ள மூடிக் கெடந்தத உனக்கு யாருலே செல்லிக்குடுத்தா? ஆளச் செல்லு, உன்ன விட்டுருவோம்."

இவர் சொன்ன பதில், "மூக்கன் சொன்னான்."

ஊர் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரா இருக்கும் மெற்றில்டா? நீயே செல்லு," என்றாள் அண்ணி இன்று. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரையில் புழு இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கீரை, ஒரு புழு இல்லை.

மே 8, வியாழன்

காலையில் பாறையில் புகை. இருக்கிறார்.

மே 10, சனி

துணி காயப்போடுகிற கொடியை வடக்குச் சுவரிலிருந்து அவிழ்த்துக் கடல் பக்கம் கட்டினேன். அங்கேதான் காற்று நன்றாக அடிக்கிறது. பெர்பெத்தம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உப்புக்காத்துல துணி காயாதே பிள்ளே," என்றாள். தெரியும்.

நாலு முழம் கொடியில் தொங்கியது அவருடைய சட்டை ஒன்றுதான். தோய்த்தாயிற்று, காயப்போடாமல் என்ன செய்வது?

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பெண்கள் பக்கம் எனக்கு இரண்டு பக்கமும் இடம் தாராளமாக இருந்தது. விலக்கு எனக்கு இல்லை என்று வாசித்தார்கள், ஆனாலும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

அண்ணன் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு வா. தனியா எதுக்குக் கெடக்குத?"

"கோழி இருக்கு."

"கோழியையும் கொண்டா."

"உங்க வீட்டு முற்றத்துல அது மேயாது," என்றேன். சொன்ன பிறகுதான் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது தெரிந்தது. அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சின்ன வயதில் அவருடைய பம்பரத்தை நான் ஒளித்துவைத்தால் இப்படித்தான் பார்ப்பார்.

"அவன் வந்து ஆளச் செல்லட்டும். இல்லேன்னா குருசடி முன்னால கைகூப்பட்டும். ரெண்டுல ஒண்ணு. நான் என்ன கொல்லவா போறேன்?"

"அவரு ரெண்டும் செய்யமாட்டாரு."

"ஆடி மாசம் வரைக்கும் பாறை அவனுக்குச் சோறு போடுமா?"

ஆடி வரைக்கும் போகவேண்டாம். ஆனி பிறப்பதற்குள் மூக்கன் மேல் அலை ஏறும். போன வருசம் நடுப்பகுதி முழுக்க முங்கியது, மூக்கு மட்டும் நின்றது. அது அண்ணனுக்கும் தெரியும், ஆனியைச் சொல்ல வாய் வராமல்தான் ஆடி என்றார்.

மே 13, செவ்வாய்

தாழந்துறை ஞானப்பூ மீன் கொண்டு வந்தாள். தாழந்துறை பக்கத்து ஊர், எங்கள் கமிட்டி அவர்களைக் கட்டுப்படுத்தாது. அவள் வீட்டுக்காரர் மூக்கன் பக்கம் தூண்டில் போடப் போவார். நேற்று இவரோடு பேசினாராம்.

"என்ன கேட்டாரு?" என்றேன். என்னைக் கேட்டாரா என்று கேட்கவில்லை.

"செரட்டை கேட்டாரு."

"என்னது?"

"தேங்காச் செரட்டைதான் அக்கா. எவ்வளவு கெடச்சாலும் கொண்டாரணுமாம். அரிசி வேணுமான்னு எங்க வீட்டாளு கேட்டதுக்கு, அரிசி கெடக்கட்டும், செரட்டை கொண்டான்னு செல்லிட்டாரு."

பாறையில் நின்று சிரட்டை கேட்கிற மனுசனை நான் கட்டியிருக்கிறேன். வெயில் தலைக்கு ஏறிவிட்டது. ஆனாலும் அடுப்படியில் கிடந்ததை எல்லாம் சாக்கில் போட்டுக் கொடுத்தேன், பெர்பெத்தம்மா வீட்டுக் குப்பையில் கிடந்ததையும் பொறுக்கிப் போட்டேன். ஒரு படி அரிசியும், என் பழைய நீலச் சேலையும் வைத்தேன். சேலை போர்த்திக்கொள்ள. கிழிந்ததுதான், வீட்டில் கிடந்தால் கரப்பான்தான் தின்னும்.

மே 15, வியாழன்

வைகாசி பிறந்துவிட்டது. வழக்கமாக இந்த வாரத்தில் மூக்கனுக்கு வெள்ளை பூசுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் கடலில் மூக்கனைச் சுற்றி எங்கும் முங்குபாறை. வள்ளம் வந்துபோக ஒரே ஒரு வழி, அதை வாய் என்போம். கடலிலிருந்து திரும்புகிறவர்கள் மூக்கனின் மூக்கையும் கோயில் கோபுரத்துச் சிலுவையையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு நேராக வரவேண்டும். பாறையை நெருங்கியதும் தெற்கே ஒடித்தால் கரை. கோடு கொஞ்சம் தப்பினால் வள்ளம் பிளந்துவிடும். தெளிந்த நாளில் மூக்கு தானாகவே தெரியும். மழைக்காலத்து மூட்டத்தில் கருப்புக் கல் கருப்புக் கடலோடு கலந்துவிடும். அதனால் வீட்டுக்கு ஓர் ஆளாகப் போய், மூக்கின் கடல் பக்கத்தை முழுக்கச் சுண்ணாம்பால் வெளுத்துவிட்டு வருவார்கள். வந்ததும் கடப்புறத்தில் கஞ்சியும் சுட்ட சாளை மீனும். ஊரில் யாருக்கு யாரோடு சண்டை என்றாலும் அன்றைக்கு ஒரே பானைதான்.

இந்த வருசம் சுண்ணாம்பு வாங்கி வைத்தாயிற்று, மூட்டை குருசடியில் இருக்கிறது. ஆனால் யார் போவது? அவர் நிற்கிற இடத்தில் யாரும் நிற்கக் கூடாதே! கமிட்டி தன் சட்டத்தில் தானே காலை மாட்டிக்கொண்டது. அண்ணன், "அவன் எறங்கட்டும், அப்புறம் பூசலாம்," என்கிறாராம். இவர் இறங்கமாட்டார். அப்போது நான் என்ன நினைத்தேன் என்றால், நல்லா வேணும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே மீன் ஆய்ந்தேன்.

மே 18, ஞாயிறு

மூன்று நாளாக இந்தப் பக்கம் ஆளைக் காணவில்லை. முன்பெல்லாம் காலையில் பாறையின் நெற்றியில் வந்து உட்காருவார், இங்கிருந்து பார்த்தால் ஓர் எறும்பு அளவு தெரியும். இப்போது புகை மட்டும் வருகிறது, அதுவும் பாறைக்குப் பின்னாலிருந்து, கடல் பக்கத்திலிருந்து. கஞ்சி வைக்கிற புகை இல்லை இது. பகல் முழுக்க எழும்புகிறது, வெள்ளையாக, கனமாக.

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மே 19, திங்கள்

ஞானப்பூ இன்னொரு சாக்குச் சிரட்டை வாங்கிப் போனாள். "என்னத்த எரிக்காரு?" என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்துக் கல்லில் சாக்கைப் போட்டுவிட்டு வந்துவிடுவாராம், பின்பக்கம் போனதில்லை.

"முகம் எப்பிடி இருக்கு?"

"தாடி வளந்து புனிதர் மாதிரி இருக்காருன்னு செல்லுதாரு."

புனிதராம். புனிதருக்குக் கல்யாணம் எதற்கு?

மே 21, புதன்

காலையில் காற்று மேற்கே திரும்பிக் கச்சான் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கடல் நிறம் மாறிவிட்டது. பால்வாடிக்குப் போகும் வழியில் கடப்புறத்தில் கூட்டம். போய்ப் பார்த்தேன். கட்டுமரத்தின் ஒரு தடி கரையில் ஒதுங்கிக் கிடந்தது. தலைப்பில் நீலப் பெயிண்டில் அவர் போட்ட சிலுவைக் குறி. அடுத்த தடி தாழந்துறைப் பக்கம் ஒதுங்கியதாம்.

யாரும் தொடவில்லை. அவர் பொருள்தானே. நான்தான் இழுத்தேன். பாதி தூரம் இழுத்ததும் முடியவில்லை, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் என் வீட்டில் சோறு தின்றவர்கள். ஒருவன் குனிந்து, பிறகு நிமிர்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இனி அவராக நினைத்தாலும் வர முடியாது. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மே 22, வியாழன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வள்ளம் எறக்குங்க. அவரக் கூட்டியாரணும்."

"கைகூப்புவானா?"

"மரம் ஒடஞ்சிபோச்சு அண்ணே. அலை ஏறினா ஆளு இல்ல."

"நான் வாசிச்ச சட்டம் மெற்றில்டா. எனக்க தங்கச்சி மாப்பிள்ளைக்காக நானே மீறினா நாளைக்கு எவன் என்னைய மதிப்பான்?" சோற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. "ஆளத்தானே கேட்டேன். ஒரு பேரு. செல்லிட்டு வீட்டுல இருந்திருக்கலாமில்லியா? யாருக்காக இப்பிடிக் கெடக்கான்?"

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, ஏனென்றால் சொல்லவில்லை. சொன்னால் அவர் அங்கே கிடந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. வீட்டுக்கு நடந்து வரும்போது அது சரியான காரணமாகவும் தெரிந்தது, சாக்காகவும் தெரிந்தது.

மே 23, வெள்ளி

ஞானப்பூ வரவில்லை. தாழந்துறைக்காரர்களும் இனி மூக்கன் பக்கம் நெருங்க முடியாதாம்.

மே 24, சனி

மழை. புகை இல்லை.

மே 25, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. கோழி முட்டையிட்டிருக்கிறது. இரண்டு ஆளுக்கு உலை வைத்துவிட்டேன், மிச்சத்தைக் கோழிக்குப் போட்டேன். கொடியில் சட்டை நனைகிறது, எடுக்க மனம் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

மே 27, செவ்வாய்

தலைகூடத் துவட்டாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

விடியுமுன்னே மழை விட்டிருந்ததால் வள்ளங்கள் இருட்டோடு இருட்டாகப் போய்விட்டன. ஒரு வாரமாக அடுப்பு சரியாக எரியாத வீடுகள், போகாதே என்று யார் சொல்வது? அண்ணனும் போனார். மதியத்துக்கு மேல் திடீரென்று மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதற்குள் எதிரே இருக்கிற பனைகூடத் தெரியாத மழை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கடப்புறத்துக்கு வந்துவிட்டோம். கோயில் மணியை நிறுத்தாமல் அடித்தார்கள். அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். விலக்கோ கிலக்கோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு வெள்ளையில்லாமல் கிடக்கிறதே, வாய் எப்படித் தெரியும் என்று எல்லோருக்கும் மனதில் ஓடியது.

முதல் வள்ளம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எல்லாமே தெற்கே ஒடித்து, ஒழுங்காக, கோடு பிடித்து வந்தன. கடைசியாக அண்ணனுடையது. இறங்கினவர்கள் யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

"மூக்கன் வெளுத்து நிக்குதான்!" என்றான் ஒருவன். "அடியிலேருந்து நுனி வரைக்கும். இந்த மழையிலயும் பல்லு மாதிரித் தெரியுது."

"யாருலே பூசினது?"

எல்லோரும் குருசடியைத் திரும்பிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு மூட்டை குருசடியில் கட்டு அவிழாமல் அப்படியே இருக்கிறது. பெர்பெத்தம்மாதான் மெதுவாகச் சொன்னாள், "பாறையில சிப்பி ஓடு கெடக்கு இல்லியா. செரட்டையப் போட்டுச் சுட்டா நீறிடும். எங்க அப்பன் அப்பிடித்தான் வெத்திலைக்குச் சுண்ணாம்பு சுடுவாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் புகை. அந்தச் சிரட்டை. முகத்தை மழையில் காட்டிக்கொண்டு நின்றேன், அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் வலையைக்கூட இறக்காமல் வீட்டுக்குப் போனார்.

மே 29, வியாழன்

அலை மூக்கனின் நடுவில் ஏறி இறங்குகிறது. ஆள் தெரியவில்லை. கமிட்டி கூடவில்லை. எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள், யார் முதலில் சொல்வது என்று. இந்த ஊர் ஆண்களுக்கு அலை பயமில்லை, இதுதான் பயம்.

மே 30, வெள்ளி

ஒரு தடவை தெரிந்தார். உறுதியாகத் தெரியாது. ஏதோ அசைந்தது.

ஜூன் 1, ஞாயிறு

பூசை முடிந்து குருசடி முன்னால் கமிட்டி கூடியது. நடுக்கடலில் அறுந்துபோன வலைகளைப் பற்றிப் பேசினார்கள். கோயில் கூரைக்கு ஓடு மாற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் குருசடி மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் வழக்கம், பேசுவது வழக்கமில்லை. நான் மதிலைச் சுற்றி உள்ளே போனேன்.

"ஒரு சந்தேகம் கேக்கணும்," என்றேன்.

அண்ணன், "பிறவு பேசலாம் மெற்றில்டா," என்றார்.

"கமிட்டிக்கிட்டத்தான் கேக்கணும். எப்ரேமுக்க கையிலேருந்து யாரும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு நீங்கதான் வாசிச்சிய. வாங்கினா வாங்கினவனுக்கும் அதே விலக்கு. சரிதானே?"

"சரிதான்."

"செவ்வாக்கிழமை இஞ்ச வள்ளம் ஏறி வந்தவங்க எல்லாரும் எதப் பாத்து வந்திய?"

கூட்டத்தில் ஓர் இருமல். யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

"அது அவருக்க கையால பூசின வெள்ளை. அதப் பாத்துக் கரையேறினா அவரு கையிலேருந்து வாங்கினதா, இல்லியா? வாங்கலேன்னா செல்லுங்க, நான் போயிருதேன். வாங்கினதுன்னா சட்டப்படி ஊரு முழுக்க விலக்கு. தலைவரையும் சேத்துத்தான்."

என் குரல் கடைசியில் கிழிந்துவிட்டது. பரவாயில்லை, கேட்டிருக்கும்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஊரு முழுக்க விலக்கினா இனி ஊருன்னு யாருடி மிச்சம்?" என்றார்.

"பாறையில ஒருத்தரு நிக்காரு," என்றேன்.

முதலில் சிரித்தது பின்னால் நின்ற ஒரு வயசாளி. அது இருமலாக மாறி, மறுபடி சிரிப்பாக மாறியது. பிறகு ஆங்காங்கே. அண்ணன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"எனக்க வள்ளத்த எறக்குங்கலே," என்றார்.

இன்று இறக்க முடியவில்லை. இரண்டு தடவை தள்ளி இரண்டு தடவையும் அலை தூக்கி எறிந்தது. காலையில் காற்று கொஞ்சம் தணியும் என்கிறார்கள். சட்டையை உலர்த்தி மடித்து வைத்தேன்.

ஜூன் 2, திங்கள்

நானும் போனேன். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்கள், அண்ணன் சொல்லவில்லை. என்னை வள்ளத்தின் நடுவில் உட்காரவைத்து, கயிற்றை என் இடுப்பில் அவரே கட்டினார்.

துடுப்புப் போடும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். "மூக்கன் சொன்னானாம். எனக்க மதிலுக்குள்ள, வலைக்குக் கீழ என்ன கெடக்குன்னு மூக்கனுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்குவாளிய வச்சிட்டு ஓடுற மூக்கன்," என்றார். பிறகு துடுப்பை இன்னும் வேகமாக இழுத்தார்.

மூக்கைச் சுற்றி வந்ததும்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இத்தனை வருசம் இந்த ஊரில் இருந்து, அந்தப் பக்கத்தை நான் இன்றுதான் பார்க்கிறேன். வீட்டுக்கு ஓர் ஆளாகச் சேர்ந்து வருசந்தோறும் பூசுகிற அத்தனை உயரத்தையும் ஒரே ஆள் பூசியிருக்கிறார். அடியில் பட்டை பட்டையாகக் கோணல், மேலே போகப் போக ஒழுங்கு. கல்லின் இடுக்கில் கருகிய சிரட்டைக் குவியல். மூக்கின் அடியில் ஒரு குழிக்குள் அவர் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

வள்ளத்தைப் பாறையோடு ஒட்ட முடியாது. அண்ணன் கயிற்றை எறிந்தார். இவர் எழுந்து வந்தார், அதைப் பிடிக்கவில்லை. மறுபடி எறிந்தார். இவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, கையை நீட்டவில்லை. ஐயோ, இன்னுமா வீம்பு என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பிடிங்க! பிடிச்சித் தொலைங்க!" என்று கத்தினேன்.

"பிடிக்க ஏலாது," என்று கத்தினார் திரும்ப. கைகளை உயர்த்திக் காட்டினார்.

பிறகு கடலில் குதித்துவிட்டார்.

முழங்கையால்தான் நீந்தினார். அண்ணன் வள்ளத்தின் விளிம்பில் படுத்துக்கொண்டு கையை நீட்டினார். இவர் வாயில் தண்ணீரோடு மச்சானைப் பார்த்து, "அளியா, கைய விடு, தோளப் பிடி," என்றார். அண்ணன் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, ஒரு பெரிய மீனை ஏற்றுவதுபோல இழுத்துத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் வள்ளத்துக்குள் விழுந்து அப்படியே கிடந்தார்கள். எழுந்திருக்க அவசரம் காட்டவில்லை. மன்னிப்பை இவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வரும் வழியில் என்னிடம் முதலில் சொன்னது இதுதான். "சேலை வீணாப்போச்சு மெற்றில்டா." என் நீலச் சேலையைக் கிழித்துச் சுண்ணாம்பில் முக்கித்தான் மூக்கனுக்குப் பூசியிருக்கிறார். சேலை நைந்து தீர்ந்ததும் வெறும் கையால். சுண்ணாம்பு நீறு பட்டு வெந்து இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. மடக்க முடியவில்லை.

"போத்திக்கத்தானே குடுத்தேன்," என்றேன்.

"வாய் தெரியாம வந்து மோதுவானுவளே," என்றார்.

கரையில் பெர்பெத்தம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்திருந்தாள். கட்டுமரத் தடியை யாரோ இழுத்து எங்கள் வீட்டு வேலியோடு சாத்தியிருந்தார்கள். யார் என்று கேட்கவில்லை.

வீட்டில் கஞ்சி வைத்தேன், சாளை சுட்டேன். அவரால் கரண்டி பிடிக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு நான் ஊட்டினேன். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம், இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாணத்தன்றுகூட இப்படி வாயைத் திறந்து காட்டியதில்லை இந்த மனுசன். தாடியில் எல்லாம் கஞ்சி.

பாதிக் கஞ்சியில் கேட்டார். "ஆமா, ஊரு எப்பிடி எறங்கி வந்திச்சு? யாரு செல்லிக்குடுத்தா அவனுவளுக்கு?"

அடுத்த வாய்க் கஞ்சியை எடுத்துக்கொண்டே சொன்னேன். "மூக்கன் சொன்னான்."

சிரித்ததில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக் கொடுத்தேன். கஞ்சி பாயெல்லாம் கொட்டிவிட்டது, நாளைக்குப் பாயைத் துவைக்க வேண்டும்.